மாத்திரையை விற்றது பத்திரிகைதான்: விளம்பரப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் விளம்பர இடமும் நேரமும் விற்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

தீராத நோயையும் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிற மருந்து விளம்பரங்களைப் பற்றிய மடல் இது. இதை ஆசிரியர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆசிரியர் குழுவைக் கேட்டால் "அது விளம்பரப் பிரிவு சமாச்சாரம் சார்" என்பார்கள். உங்களைக் கேட்டால் "பார்ட்டி பணம் கட்டி ஸ்லாட் எடுத்திருக்கிறார், கருத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கீழே ஓட விட்டிருக்கிறோமே" என்பீர்கள். மருந்து விற்கிறவரையே கேட்டுவிடலாம் என்றால், திரையில் ஓடுகிற செல்போன் எண்ணைத் தவிர அவரைப் பற்றி எதுவும் தெரியாது. சுற்றிச் சுற்றி வந்தால் கடைசியில் கைக்கு அகப்படுகிற ஆள் நீங்கள்தான்.

நான் ஒரு சின்ன ஊரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் பழைய மருந்து விளம்பரங்களைப் பற்றிப் படிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா, இங்கிலாந்து. "ஒரே மருந்து, சகல நோயும் தீரும்" என்று சொல்லிக்கொண்டு பாட்டில் பாட்டிலாக விற்ற காலம் அது. முதலில் சிரிப்பதற்காகத்தான் படித்தேன். அப்புறம் சிரிப்பு போய்விட்டது, ஏனென்றால் இன்று உங்கள் காலை ஒன்பது மணி நிகழ்ச்சியில் இருக்கிற ஒவ்வொரு உத்தியும், நோயாளி பேட்டி முதல் அடியில் ஓடும் பொறுப்புத் துறப்பு வரை, அன்றே செய்து முடித்துவிட்டிருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக ஒன்று கண்ணில் பட்டது. இந்த வியாபாரத்தை நடத்தியது மருந்து செய்தவன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கணக்கைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நடத்தியது விளம்பர இடம்தான்.

தாமஸ் ஹாலோவேயை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் சாதாரண வியாபாரி. ஃபெலிக்ஸ் அல்பினோலோ என்ற இத்தாலியர் ஒரு களிம்பு விற்பதைப் பார்த்துவிட்டு, 1837இல் தானும் ஒரு களிம்பைக் கிண்டி விற்கத் தொடங்கினார், பிறகு மாத்திரையும் சேர்ந்துகொண்டது. விளம்பரச் செலவில் கடன் ஏறி, கடனாளிகளை அடைக்கும் சிறைக்கே போனார். வெளியே வந்தவர் விளம்பரத்தைக் குறைப்பார் என்றுதானே நினைப்போம்? கூட்டினார். 1842இல் விளம்பரத்துக்கு மட்டும் 5,000 பவுண்டு. 1845இல் 10,000, 1851இல் 20,000, 1864இல் 40,000 என்று ஏறி, 1883இல் அவர் இறக்கும் சமயத்தில் ஆண்டுக்கு 50,000 பவுண்டு. உலகத்தில் எந்த மூலையில் பத்திரிகை இருந்தாலும் அதில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்பது கொள்கை. சீனம், துருக்கி, அரபு, இந்திய மொழிகள் என்று வழிமுறைத் தாள்களை அச்சடித்து அனுப்பினார். நெஞ்சு சளி, ஆறாத புண், கீல்வாதம், ஈரல், வயிறு, எல்லாவற்றுக்கும் அதே மாத்திரை, அதே களிம்பு. மாத்திரையில் முக்கியச் சரக்கு மூசாம்பரம், அதாவது நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற, கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய கறுப்புக் கட்டி. பேதியாகும், அவ்வளவுதான். சேர்ந்த பணத்தில் அவர் பெண்களுக்காக எகாம் என்ற ஊரில் ஒரு கல்லூரி கட்டினார், 1886இல் விக்டோரியா மகாராணியே வந்து திறந்து வைத்தார். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐம்பதாயிரம் பவுண்டு வருடா வருடம் யார் கல்லாவில் விழுந்தது என்பதைக் கல்வெட்டில் யாரும் செதுக்கவில்லை.

பீச்சம் மாத்திரை இன்னொன்று. "ஒரு பெட்டி ஒரு கினி பெறும்" என்பது அதன் முழக்கம், கினி என்பது 21 ஷில்லிங் மதிப்புள்ள பழைய ஆங்கிலேயத் தங்கக் காசு. 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இந்த மாதிரி ரகசிய மருந்துகளை வாங்கி ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பது என்ன, அதன் அடக்கவிலை என்ன என்று புத்தகமாகவே போட்டது. பீச்சம் மாத்திரையில் இருந்தது மூசாம்பரம், இஞ்சி, சோப்பு. 56 மாத்திரைக்கான சரக்கின் விலை அரை ஃபார்த்திங். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி, ஒரு பென்னிக்கு நான்கு ஃபார்த்திங். விற்ற விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. நூறு மடங்குக்குக் குறையாது. மருந்துக் கடை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வித்தியாசம் முழுவதும் முதலாளியின் லாபம் கிடையாது. அதில் பெரும் பங்கு பத்திரிகைக்குப் போனது. அந்தப் புத்தகம் வந்தபோது என்ன நடந்தது தெரியுமா? காசு கொடுத்துப் போடச் சொன்ன விளம்பரத்தைக்கூடப் பல பத்திரிகைகள் வாங்க மறுத்தன. சோப்பு மாத்திரைக்கு இடம் இருந்தது. அதில் சோப்பு இருக்கிறது என்று சொன்ன புத்தகத்துக்கு இடம் இல்லை.

அந்த ஒன்றரைப் பென்னி என்ன என்று கேட்பீர்கள். அது அரசாங்க வரி. 1783இலிருந்தே இங்கிலாந்தில் இப்படிப்பட்ட மருந்துப் பெட்டிகள் மேல் முத்திரைச் சீட்டு ஒட்ட வேண்டும். வரி கட்டியதற்கான சீட்டு, வேறொன்றும் இல்லை. ஆனால் அரசு முத்திரை ஒட்டிய பெட்டியைப் பார்க்கிற சாமானியன் "சர்க்காரே ஒப்புக்கொண்ட மருந்து" என்றுதான் படிப்பான், விற்கிறவனும் அப்படியே படிக்க விட்டான். 1941இல்தான் அந்த வரி ஒழிந்தது. இப்போது உங்கள் நிகழ்ச்சியில் "ஆயுஷ் உரிமம் பெற்றது" என்று பாட்டிலைத் திருப்பிக் காட்டுகிறார்களே, அந்த எண் தயாரிப்பதற்கான அனுமதி. சர்க்கரை நோய் குணமாகும் என்பதற்கு யாரும் கொடுத்த சான்று அல்ல. உங்களுக்கு இது தெரியும். பார்க்கிறவருக்குத் தெரியாது.

குழந்தை மருந்துக்கு வருகிறேன். வின்ஸ்லோ அம்மாவின் சாந்த சிரப் என்று சொல்லலாம், அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரத்திலிருந்து 1849 முதல் விற்றது. பல் முளைக்கும்போது அழுகிற குழந்தைக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தால் அமைதியாகத் தூங்கும். விளம்பர அட்டைகளைப் பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு: கொழுகொழு குழந்தை, புன்னகைக்கும் இளம் தாய், பூ வேலை செய்த ஓரம். வீட்டில் பத்திரப்படுத்தி வைக்கிற மாதிரி அச்சடித்திருப்பார்கள். உள்ளே ஒரு அவுன்ஸுக்கு 65 மில்லிகிராம் மார்ஃபின். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு டீஸ்பூனில் பத்து மில்லிகிராமுக்கு மேல் வருகிறது. இன்றைக்குப் புற்றுநோய் வலியில் துடிக்கிற பெரியவருக்கு, அதற்கென உள்ள மருத்துவர் சீட்டோடு, ஆரம்பத்தில் கொடுக்கிற ஒரு மாத்திரையின் அளவு அது. பல குழந்தைகள் தூங்கியே போய்விட்டன. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் குழந்தைக் கொல்லிகள் பட்டியலில் சேர்த்தது. அதற்குள் அறுபது வருடம் ஓடிவிட்டது, அந்த அறுபது வருடமும் குடும்பப் பத்திரிகைகளில் கொழுகொழு குழந்தை சிரித்துக்கொண்டே இருந்தது.

(எல்லாப் பழைய மருந்தையும் ஒரே கூடையில் போடவும் முடியாது. நம் வீட்டுப் பாட்டிகளுக்கெல்லாம் தெரிந்த வுட்வர்ட்ஸ் கிரைப் வாட்டரும் 1851இல் நாட்டிங்ஹாமில் வந்ததுதான். பழைய கலவையில் கொஞ்சம் ஆல்கஹால் இருந்தது, மற்றபடி சோம்பு வகை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை. மார்ஃபின் இல்லை. அதனால் பிழைத்தது, ஆல்கஹாலை எடுத்துவிட்டு இன்றும் என் கடை அலமாரியில் நிற்கிறது.)

லிடியா பிங்கம் கதை எனக்கு மிகவும் பிடித்தது, சொன்னால் உங்களுக்கும் பிடிக்கும், ஏனென்றால் உங்கள் தொழிலின் பாடப்புத்தகம் அது. மாசசூசெட்ஸில் லின் என்ற ஊர். 1873 பொருளாதாரச் சரிவில் கணவர் நொடித்துப்போக, அந்த அம்மாள் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு இலவசமாகக் காய்ச்சிக் கொடுத்துவந்த கஷாயத்தை 1875இல் பிள்ளைகள் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மாதவிடாய்க் கோளாறு, கர்ப்பப்பை இறக்கம், முதுகுவலி, சோர்வு என்று பெண்களின் எல்லாத் தொல்லைக்கும். உள்ளே சில அமெரிக்க வேர்கள், அதோடு நம் வெந்தயம், அதோடு சுமார் 18 சதவீதம் ஆல்கஹால். கெடாமல் இருக்கத்தான் ஆல்கஹால் என்று சொன்னார்கள். மது வாசனையே ஆகாத, மதுவிலக்கு இயக்கத்தில் இருந்த பெண்கள்கூட அதை ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்தார்கள். ஒயினைவிடக் காட்டம். முதலில் துண்டுப் பிரசுரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மகன், கையிலிருந்த 60 டாலரைக் கொண்டுபோய் பாஸ்டன் ஹெரால்டில் முதல் பக்க விளம்பரத்தில் போட்டான், ஆர்டர் கொட்டியது. 1879இல் அம்மாளின் முகத்தையே படமாகப் போட்டார்கள், நரைத்த தலை, சரிகைக் கழுத்துப் பட்டி, நம்பிக்கை தருகிற பாட்டி முகம். அவ்வளவுதான், அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த பெண் முகமாக அது ஆகிவிட்டது.

"பிங்கம் அம்மாவுக்கு எழுதுங்கள், ஆண் யாரும் உங்கள் கடிதத்தைப் படிக்கமாட்டார்கள்" என்று விளம்பரம் சொன்னது. ஆயிரக்கணக்கான பெண்கள் மருத்துவரிடம்கூடச் சொல்லத் தயங்குவதையெல்லாம் எழுதி அனுப்பினார்கள். பதில் எழுதியது சம்பளத்துக்கு வேலை பார்த்த குமாஸ்தாக்கள். லிடியா பிங்கம் 1883இல் இறந்துவிட்டார். விளம்பரம் நிற்கவில்லை. இருபது வருடத்துக்குப் பிறகும் "லின் நகரத்து ஆய்வகத்தில் இருக்கிற பிங்கம் அம்மாவால் உங்களுக்கு உங்கள் குடும்ப வைத்தியரைவிட அதிகம் செய்ய முடியும்" என்கிற தோரணையில் வந்துகொண்டே இருந்தது. 1905இல் லேடீஸ் ஹோம் ஜர்னல் என்ற அமெரிக்கப் பெண்கள் இதழின் ஆசிரியர் எட்வர்ட் பாக் ஒரு வேலை செய்தார். அந்த விளம்பரத்தையும், லின் கல்லறைத் தோட்டத்தில் அந்த அம்மாளின் பெயரும் இறந்த தேதியும் பொறித்த கல்லின் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிட்டார். இப்போது இருப்பது மருமகள் பிங்கம், நாங்கள் பொய் சொல்லவில்லை என்று கம்பெனி சமாளித்தது.

கடிதங்களின் கதி இன்னும் மோசம். இப்படி மருந்துக் கம்பெனிகளுக்கு வந்த நோயாளிகளின் கடிதங்களைக் கட்டுக்கட்டாக நோய் வாரியாகப் பிரித்து, இன்னொரு போலி மருந்துக்காரனுக்கு வாடகைக்கு விடுகிற தரகர்கள் இருந்தார்கள். பெண் நோய்க் கட்டு, காசநோய்க் கட்டு என்று தனித்தனியாக. "இந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள்" என்று உங்கள் திரையில் வருகிறபோதெல்லாம் எனக்கு அந்தக் கட்டுகள்தான் ஞாபகம் வருகிறது. சர்க்கரைக்கு மிஸ்டு கால் கொடுத்தவருக்கு மறுவாரம் மூட்டுவலி எண்ணெய்க்காரர் போன் செய்கிறார், எண் எப்படிப் போனது என்று எனக்கும் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

சரி, இப்போது உங்களைப் பற்றி.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம் டோலிடோவில் ஃபிராங்க் செனி என்று ஒருவர், சளித் தொல்லைக்கான மருந்து விற்றவர், மருந்து முதலாளிகள் சங்கத்திலும் முக்கியப் புள்ளி. ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்திலும் அவ்வப்போது யாராவது ஒருவர் எழுந்து "பாட்டிலில் என்ன இருக்கிறது என்று லேபிளில் எழுதச் சொல்லிச் சட்டம் போடலாம்" என்பார். அதைத் தடுக்க ஆள் வைத்துக் காசு செலவழித்து அலுத்துப்போன செனிக்கு ஒரு யோசனை தோன்றியது. பத்திரிகைகளோடு போடும் விளம்பர ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்: உங்கள் மாநிலமோ மத்திய அரசோ இவ்வகை மருந்து விற்பனைக்கு இடையூறாக ஏதேனும் சட்டம் இயற்றினால் இந்த ஒப்பந்தம் ரத்தாகும். சில ஒப்பந்தங்களில் அதைச் சிவப்பு மையில் அச்சடித்திருந்தார்கள். யாருக்கும் லஞ்சம் இல்லை, மிரட்டல் இல்லை, பார்க்க வெறும் வியாபாரப் பேச்சு. ஆனால் அதில் கையெழுத்துப் போட்ட நிமிடம் முதல் அந்தப் பத்திரிகை முதலாளிக்கு அவர் ஊர் எம்.எல்.ஏ. என்ன மசோதா கொண்டுவருகிறார் என்பது சொந்தக் கவலையாகிவிடுகிறது. சங்கக் கூட்டத்தில் செனியே பெருமையாகச் சொன்னார்: இரண்டு வருடத்தில் 15,000 முதல் 16,000 பத்திரிகைகளோடு இப்படி ஒப்பந்தம் போட்டிருக்கிறேன், ஒரே ஒருவர்தான் தயங்கினார், இந்த வரி இல்லாமல் ஒப்பந்தம் இல்லை என்றதும் அவரும் போட்டுவிட்டார். எல்லோரும் இந்த முறையைக் கையாளுங்கள் என்று சக முதலாளிகளுக்கு யோசனையும் சொன்னார்.

பலன் 1905 மார்ச்சில் தெரிந்தது. மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் லேபிள் மசோதா மீது ஒரு பிற்பகல் முழுக்க விவாதம், ஏறக்குறைய இருபது பேர் பேசினார்கள். மறுநாள் மாநிலப் பத்திரிகைகளைப் பிரித்தால் அப்படி ஒரு விவாதம் நடந்த சுவடே இல்லை. ஸ்பிரிங்ஃபீல்டு ரிபப்ளிகன் என்ற ஒரு பத்திரிகை மட்டும் செய்தி போட்டது. பொய்ச் செய்தி யாரும் எழுதவில்லை, கவனியுங்கள். எழுதாமல் விட்டார்கள். அந்த வருடம் நவம்பரில் கோலியர்ஸ் வார இதழில் மார்க் சல்லிவன் இந்த ஒப்பந்தத்தின் படத்தோடு எல்லாவற்றையும் வெளியே போட்ட பிறகுதான் பொதுமக்களுக்கு விஷயம் தெரிந்தது.

உங்கள் ஒப்பந்தங்களில் சிவப்பு வரி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அவை எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் காலையில் அரை மணி நேரம் ஒரு சூரணத்துக்கு விற்றுவிட்டு, மாலைச் செய்தியில் அதே சூரணத்தைச் சாப்பிட்டுச் சிறுநீரகம் போன ஒருவரைப் பற்றிச் செய்தி வருவதை ஒரு முறையாவது பார்த்திருக்கிறோமா, நீங்களே நினைத்துப் பாருங்கள். அதற்கு எழுதி வைத்த வரி எதற்கு.

"மக்கள் ஏன் வாங்குகிறார்கள், நாங்கள் கழுத்தைப் பிடித்தா வாங்க வைக்கிறோம்" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அன்றைய மருத்துவர்கள் இரத்தத்தை வடித்தார்கள், பாதரசம் கலந்த மருந்தைக் கொடுத்துப் பல் உதிர வைத்தார்கள், பெண்களுக்கு அறுவை சிகிச்சை என்றால் பிழைப்பதே சந்தேகம். அதற்கு வெந்தயமும் சாராயமும் கலந்த பாட்டில் எவ்வளவோ மேல் என்று ஒரு பெண் நினைத்திருந்தால் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். இன்றும் அரசு மருத்துவமனையில் கால் கடுக்க வரிசை, தனியாரில் நுழைந்தாலே பணம், டாக்டர் முகத்தைப் பார்த்துப் பேசுவது இரண்டு நிமிடம். உங்கள் நிகழ்ச்சியில் வருகிற வெள்ளைக் கோட்டுக்காரர் அரை மணி நேரம் "அம்மா, உங்களுக்குக் கால் மரத்துப்போகுதா" என்று அக்கறையாகக் கேட்கிறார். கேட்பதற்கு ஆள் கிடைத்ததே என்று இருக்கிறது. அதைத்தான் அவர் விற்கிறார், பாட்டில் ஒரு சாக்கு.

சில வாரங்களுக்கு முன் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு பெரியம்மா கடைக்கு வந்தார். மஞ்சப்பையிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் கவுண்டரில் வைத்தார், பழுப்புப் பொடி, மேலே ஒரு சாமியாரின் படம், கூரியரில் வந்த கவர் இன்னும் பிரியாமல் பாதி ஒட்டியிருந்தது. "தம்பி, இதை ஒரு மண்டலம் சாப்பிட்டா சர்க்கரை மாத்திரையை நிறுத்திடலாமாமே, டிவில சொன்னாங்க, நிறுத்திட்டேன், இப்போ தலை சுத்துது" என்றார். யார் சொன்னது என்று கேட்டால் மருந்துக்காரர் பெயரைச் சொல்லவில்லை, உங்களில் ஒருவருடைய சேனலின் பெயரைத்தான் சொன்னார். லேபிளில் பார்த்தேன், "பாரம்பரிய மூலிகைகள்" என்று மட்டும் இருந்தது, எந்த மூலிகை, எவ்வளவு, எதுவும் இல்லை. இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

சித்த மருத்துவத்துக்கு எதிராகப் பேசுகிறேன் என்று தயவுசெய்து திருப்பாதீர்கள். ஐந்தரை வருடம் படித்துவிட்டு அரசு சித்த மருத்துவப் பிரிவில் உட்கார்ந்து, "இதை முழுசாகக் குணப்படுத்த முடியாதும்மா, கட்டுப்படுத்தலாம்" என்று உண்மையைச் சொல்கிற மருத்துவர்களை எனக்குத் தெரியும். உங்கள் ஸ்லாட்டால் முதலில் அடிபடுவது அவர்கள்தான். உண்மை சொல்கிறவரிடம் யார் போவார்கள், டிவியில் நூறு சதவீதம் என்கிறார்களே.

அறிவியல் பெயரைப் பூசிக்கொள்வதும் புதிது அல்ல. கிருமிகளால் நோய் வருகிறது என்று லூயி பாஸ்டர், ராபர்ட் காக் என்ற விஞ்ஞானிகள் நிறுவிய சூட்டோடு சூடாக, டெக்சஸில் ஆஸ்டின் நகரத்தில் செடி வளர்த்து விற்றுக்கொண்டிருந்த வில்லியம் ராடம் 1886இல் "கிருமிக் கொல்லி" என்று ஒன்றுக்குக் காப்புரிமையே வாங்கினார். எலும்புக்கூட்டை ஒருவர் தடியால் அடிக்கிற படம்தான் முத்திரை. ஆய்வு செய்தால் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர், கொஞ்சம் அமிலம், நிறத்துக்குச் சிவப்பு ஒயின். அவர் நியூயார்க்கில் மாளிகைக்குக் குடிபோனார். அன்று கிருமி, இன்று இம்யூனிட்டி, டீடாக்ஸ், ஸ்டெம் செல்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியுமா? அமெரிக்காவில் 1906இல் சட்டம் வந்தது, மார்ஃபின், ஓபியம், கோகெய்ன், ஆல்கஹால் போன்றவை இருந்தால் லேபிளில் எழுத வேண்டும் என்றது. 28 சதவீதம் ஆல்கஹால் இருந்த பெருனா என்ற மருந்து அதற்கு முந்தைய வருடமே வரித்துறையிடம் நன்றாக மாட்டியது. அதற்கு முன் ஐம்பது காங்கிரஸ் உறுப்பினர்கள் நற்சான்று கொடுத்திருக்கிறார்கள் என்று விளம்பரம் செய்த மருந்து அது! மருந்தா சாராயமா, சாராயம் என்றால் சாராய உரிமம் எடு என்று வரித்துறை கேட்டதும் கொஞ்சம் பேதி மருந்தைச் சேர்த்தார்கள், குடித்தவர்கள் பாடு திண்டாட்டம். ஆனால் 1911இல் புற்றுநோய் மருந்து வழக்கு ஒன்றில், உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றிப் பொய் சொன்னால்தான் குற்றம், குணமாகும் என்று பொய் சொல்வது இந்தச் சட்டத்தில் வராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த வருடம் திருத்தம் வந்தது, அதிலும் ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். "நான் மனதார நம்பித்தான் விற்றேன்" என்றால் முடிந்தது. இங்கிலாந்தில் நாடாளுமன்றக் குழு ஒன்று இரண்டு வருடம் விசாரித்து அறிக்கை கொடுத்தது. அது வெளியான நாள் 1914 ஆகஸ்ட் 4, அன்றுதான் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. யார் படிப்பார்கள்.

நம் நாட்டில் 1954இலேயே மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் இருக்கிறது. அதன் அட்டவணையில் 54 நோய்கள், இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது. ஒருமுறை எடுத்துப் படியுங்கள். சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு, வெண்குஷ்டம், சிறுநீரகக் கல், உடல் பருமன், ஆண்மைக் குறைவு மட்டுமல்ல, "நரம்புத் தளர்ச்சி", "பெண்களின் நோய்கள் பொதுவாக", "பிரைட்ஸ் நோய்" என்றெல்லாம் இருக்கும். பிரைட்ஸ் நோய் என்பது சிறுநீரக நோய்க்கான பழைய பெயர், இன்றைய எந்த டாக்டரும் அப்படிச் சீட்டில் எழுதுவதில்லை. அந்தப் பட்டியல் பழைய காலத்து விளம்பரப் பக்கத்தைப் பார்த்து எழுதிய மாதிரி இருக்கிறது. சட்டத்தின் மூன்றாவது பிரிவு, இப்படிப்பட்ட விளம்பரத்தை வெளியிடுவதில் யாரும் எந்தப் பங்கும் எடுக்கக் கூடாது என்கிறது. மருந்துக்காரர் மட்டும் அல்ல, யாரும். அதில் நீங்களும் வருகிறீர்கள். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், விளம்பரதாரரிடம் சுய உறுதிமொழி வாங்கிய பிறகே வெளியிட வேண்டும், நடிக்கிற பிரபலங்களுக்கும் பொறுப்பு உண்டு என்று சொன்னபோது கொஞ்ச நாள் எல்லோரும் அடக்கி வாசித்தீர்கள். அப்புறம் பழைய கதைதான். "குணமாகும்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "கட்டுக்குள் வந்ததாக வாடிக்கையாளர் சொல்கிறார்" என்று மாற்றிக்கொண்டார்கள்.

விளம்பரத்தை மறுத்தால் கடையை மூட வேண்டியதுதான் என்பீர்கள் என்று தெரியும். லேடீஸ் ஹோம் ஜர்னல் 1892இலேயே இந்த வகை மருந்து விளம்பரங்களை இனி வாங்குவதில்லை என்று அறிவித்துவிட்டது. அன்றைக்கு அது சின்ன வருமானம் இல்லை. பதினோரு வருடம் கழித்து, 1903இல், பத்து லட்சம் சந்தாவைத் தொட்ட முதல் அமெரிக்க மாத இதழ் அதுதான். மறுத்ததால்தான் வளர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன், நல்ல பத்திரிகையாக இருந்ததும் காரணம். மறுத்ததால் சாகவில்லை, அது உறுதி. ஆத்திரத்தில் அவர்கள் ஒரு இடத்தில் சறுக்கினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் பியர்ஸ் என்பவரின் மருந்தில் ஆல்கஹாலும் ஓபியமும் இருப்பதாக பாக் 1904இல் எழுதினார், பிரித்துப் பார்த்தால் இல்லை. இரண்டு லட்சம் டாலர் கேட்டு வழக்கு, கடைசியில் 16,000 டாலர் கட்டினார்கள். ஆகவே யாரையும் திட்டி எழுதுங்கள் என்று உங்களிடம் கேட்கவில்லை. சோதித்துவிட்டு இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மருந்து என்று யார் ஸ்லாட் கேட்டு வந்தாலும், உள்ளே இருக்கும் சரக்கின் முழுப் பட்டியலும் அளவும், தயாரிப்பாளரின் பெயரும் கதவு எண்ணோடு கூடிய முகவரியும் திரையில் படிக்கிற அளவு எழுத்தில் வர வேண்டும் என்று உங்கள் ரேட் கார்டிலேயே, அதாவது விளம்பரக் கட்டணப் பட்டியலிலேயே, ஒரு வரி சேருங்கள். சிவப்பு மையில் அச்சடித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. 54 நோய்களின் பட்டியலை உங்கள் புக்கிங் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். "மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று யாராவது படப்பிடிப்பில் சொன்னால் அங்கேயே வெட்டுங்கள், எடிட் செய்கிற பையனுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுங்கள்.

உங்களில் யாராவது இப்படி ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் அந்த ரேட் கார்டின் நகல் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். சேனல் பெயரோடு கடை முகப்பில் ஒட்டி வைக்கிறேன், அந்தச் சேனலில் வந்த மருந்து என்று யாராவது டப்பாவோடு வந்தால் லேபிளைப் படித்துப் பதில் சொல்ல எனக்கும் வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரன்